வெங்காயம் போட்டதா, போடாததா?

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒன்றரை மணி. மாட்ரிட் நகரின் லா லத்தீனா பகுதியில் அந்த நேரத்தில் கால் வைக்க இடம் இருக்காது. பக்கத்திலேயே ராஸ்த்ரோ சந்தை. ஞாயிறுதோறும் காலையிலிருந்து மதியம் மூன்று மணிவரை பழைய கடிகாரம், தோல் பை, சாயம் போன ஓவியம் என்று தெருவெல்லாம் கடை பரப்பியிருப்பார்கள். வாங்கினவர்களும் வாங்காதவர்களும் முடித்துவிட்டு அப்படியே காவா பாஹா தெருவுக்குள் நுழைவார்கள். ‘காவா’ என்றால் அகழி. நகரத்தின் பழைய மதில் ஓரமாகப் போன அகழிதான் பின்னாளில் தெருவானது. வெளியூரிலிருந்து சரக்கு வண்டி ஓட்டிவந்தவர்கள் தங்க இங்கே சத்திரங்கள் இருந்தன. இன்றைக்கு அடுத்தடுத்து தபாஸ் கடைகள்.

அதில் ஒரு சின்னக் கடை வாசலில் 70 வயதைத் தாண்டிய ஒரு பாட்டி, 15 வயதுப் பேத்தியுடன் நின்றுகொண்டிருந்தார். அந்தக் கடை அவருக்குப் புதிதில்லை. நாற்பது வருஷமாகப் பெரும்பாலான ஞாயிற்றுக்கிழமைகளில் வந்துபோன கடைதான். ஆனால், ஒரு தடவைகூட அவர் அங்கே வாய்திறந்து எதையும் கேட்டு வாங்கியதில்லை.

கேட்டு வாங்கியதெல்லாம் தாத்தா. கூட்டத்துக்குள் தோளை நுழைத்து, கவுன்ட்டரில் முழங்கையை ஊன்றி, “ரெண்டு வெர்மூத், ஒரு தோர்த்தியா, வெங்காயம் இல்லாம” என்பார். பாட்டி ஜன்னலோரம் இருக்கும் பழைய பீப்பாய் பக்கத்தில் இரண்டு பேர் கோட்டையும் கையில் போட்டுக்கொண்டு நிற்பார். தட்டு வரும். சாப்பிடுவார்கள். தாத்தா ஒன்றும் கெட்டவர் இல்லை. பாட்டி எது கேட்டிருந்தாலும் வாங்கித் தந்திருப்பார். கேட்கவேண்டும் என்று பாட்டிக்குத்தான் தோன்றியதே இல்லை.

தாத்தா போய் ஆறு மாதம் ஆகிவிட்டது. “இந்த ஞாயிறு நாம ரெண்டு பேரும் போலாமா?” என்று கேட்டது பேத்திதான்.

தபாஸ் கடைகளின் நடைமுறை புதிதாகப் போகிறவர்களுக்குக் கொஞ்சம் திண்டாட்டம்தான். வரிசை கிடையாது, டோக்கன் கிடையாது. உட்கார நாலு மேசை இருந்தால் அதிகம். கவுன்ட்டருக்குப் பின்னால் நிற்பவரின் கண்ணைப் பிடிக்கவேண்டும், அவ்வளவுதான். யார் என்ன சாப்பிட்டார்கள் என்பதை அவர் மனசிலேயே வைத்துக்கொள்வார். செவியாவில் சில பழைய கடைகளில் கவுன்ட்டர் மரத்தின் மேலேயே சாக்பீஸால் கணக்கு எழுதுவதுண்டு. காசு கடைசியில் புறப்படும்போதுதான். ஒரு கடையில் ஒன்றிரண்டு தின்றுவிட்டு அடுத்த கடைக்கு நகர்வதுதான் வழக்கம். ஒரே இடத்தில் உட்கார்ந்து வயிறு நிரப்புகிறவரைப் பார்த்தாலே வெளியூர் என்று தெரிந்துவிடும்.

‘தபா’ என்றால் மூடி. பழைய நாளில் மதுக் கோப்பைக்குள் ஈ விழாமலிருக்க ஒரு துண்டு ரொட்டியையோ பன்றித்தொடை இறைச்சியையோ மேலே வைத்துக் கொடுத்தார்களாம். மூடியாக வந்தது தின்பண்டமாகிவிட்டது என்று கதை சொல்கிறார்கள். எந்த ராஜா காலத்தில் என்பதற்கு ஊருக்கு ஒரு கதை. எல்லாக் கதையிலும் ராஜா மட்டும் கட்டாயம் வருகிறார்.

பாட்டி உள்ளே போனார். கவுன்ட்டருக்கு முன்னால் மூன்று அடுக்கு ஆட்கள். “கொஞ்சம்...” என்று ஆரம்பித்தார். அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை. முன்னால் நின்ற இரண்டு இளைஞர்கள் பீர் வாங்கிக்கொண்டு போனார்கள். திரும்ப வாயைத் திறந்தார். யாரோ ஒரு சுற்றுலாப் பயணி, சுவரில் எழுதியிருந்த பட்டியலைக் காட்டி ஒவ்வொன்றாக விசாரிக்க ஆரம்பித்தார்.

“பாட்டி, நான் கேட்கட்டுமா?”

“வேண்டாம்.”

1973ல் கல்யாணமாகி வந்தவர் அவர். அப்போது ஸ்பெயினில் கல்யாணமான பெண் வங்கிக் கணக்கு தொடங்கவேண்டுமென்றால் கணவரின் அனுமதி வேண்டும். வேலைக்குப் போவதற்கும் வேண்டும். 1975 மே மாதம்தான் அந்தச் சட்டம் போனது. அடுத்த சில வருஷத்தில் பாட்டி தன் பெயரில் கணக்கு தொடங்கி, தையல் வேலைக்குப் போய், அந்தப் பணத்தில் மகளைப் படிக்கவும் வைத்தார். வங்கிக் கவுன்ட்டரில் பேசத் தெரிந்தவருக்கு இந்தக் கவுன்ட்டரில் பேச வரவில்லை. இங்கே எந்தச் சட்டமும் அவரைத் தடுக்கவில்லை. அதுதான் சங்கடம்.

கோட்டைக் கழற்றிப் பேத்தியிடம் கொடுத்தார். இரண்டு முதுகுகளுக்கு நடுவே தோளை நுழைத்தார். முழங்கையைக் கவுன்ட்டரில் ஊன்றினார். “தம்பி!”

கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவர் விலகி நின்றார்.

கவுன்ட்டர்காரர் திரும்பிப் பார்த்து முகம் மலர்ந்தார். “வாங்க, சென்யோரா! ரெண்டு வெர்மூத், ஒரு தோர்த்தியா, வெங்காயம் இல்...” என்று பழக்கத்தில் ஒப்பித்துக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். கையில் எடுத்த இரண்டாவது டம்ளரை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்.

“ஒரு வெர்மூத்” என்றார் பாட்டி. “பிள்ளைக்கு மோஸ்த்தோ. தோர்த்தியா, வெங்காயம் போட்டது.”

“வெங்காயம் போட்டதா?”

“ஆமா.”

தோர்த்தியா என்றதும் மெக்சிகோ நாட்டு ரொட்டியை நினைத்துவிட வேண்டாம். ஸ்பெயினில் அது உருளைக்கிழங்கு போட்ட கனமான முட்டை அடை. கிழங்கை மெல்லிசாக நறுக்கி, நிறைய ஆலிவ் எண்ணெயில் சின்னத் தீயில் நிதானமாக வேகவிட்டு, எண்ணெயை வடித்து, அடித்த முட்டையில் ஊறவைத்து, வாணலியில் ஊற்றுவார்கள். ஒரு தட்டைக் கவிழ்த்து மூடி, மொத்தமாகப் புரட்டிப்போடும் அந்த ஒரு நொடியில்தான் சமைப்பவரின் கைவாகு தெரியும். இதில் வெங்காயம் சேர்க்கலாமா கூடாதா என்பது அந்த நாட்டில் தீராத வழக்கு. இரண்டு கட்சிக்கும் தனித்தனியாகப் பட்டப்பெயரே உண்டு. வெங்காயம் சேர்த்தால் இனிப்பும் ஈரப்பதமும் கூடும், கிழங்கின் சுவை கொஞ்சம் பின்னால் போகும். இது வெறும் ருசி விவகாரம்தான், ஆனால் வீட்டுக்குள் புகுந்தால் அப்படி இருப்பதில்லை.

“பாட்டி, உனக்கு வெங்காயம் பிடிக்குமா? நம்ம வீட்டுல யாருக்குமே பிடிக்காதுன்னு தாத்தா சொல்வாரே!”

“தாத்தாவுக்குப் பிடிக்காது.”

தட்டு வந்தது. கூடவே கேட்காத ஒரு தட்டும் வந்தது. எண்ணெயில் பொரித்துக் கல்லுப்பு தூவிய பச்சை நிறப் பத்ரோன் மிளகாய். கவுன்ட்டர்காரர் துக்கம் எதுவும் விசாரிக்கவில்லை. தட்டை வைத்துவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார்.

பாட்டி முள்கரண்டியால் ஒரு துண்டு வெட்டி வாயில் வைத்தார். நடுவில் இன்னும் இளகிய முட்டை. வதங்கி இனித்த வெங்காயம். அவர் அம்மா வீட்டில் இப்படித்தான் செய்வார்கள். பாதி சாப்பிட்டவர் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

“என்ன பாட்டி, நல்லா இல்லையா?”

“ரொம்ப நல்லா இருக்கு. இவ்வளவு நல்லா இருக்கிறதுதான் ஒரு மாதிரி இருக்கு.”

பேத்திக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. ஒரு மிளகாயை எடுத்துக் கடித்தாள். பத்ரோன் மிளகாயில் சிலது உறைக்கும், சிலது உறைக்காது. பார்த்துக் கண்டுபிடிக்க வழியில்லை. அவளுக்கு வாய்த்தது உறைப்பு. கண்ணில் நீர் வழிய, மோஸ்த்தோ டம்ளரைத் தேடிக் கையை வீச, பாட்டி சிரித்துவிட்டார். திராட்சைச் சாறு ஒரே மடக்கில் காலியானது. பாட்டி முள்கரண்டியைத் திரும்ப எடுத்தார். தட்டிலிருந்த மீதியை ரொட்டியால் வழித்துச் சாப்பிட்டார்.

கணக்கு கேட்டபோது, “கடைசியா ஒண்ணு ஊத்தவா?” என்று யாரும் அங்கே கேட்பதில்லை. ‘கடைசி’ என்ற சொல் ஆகாது. ‘கடைசிக்கு முந்தினது’ என்றுதான் சொல்வார்கள், குடிப்பது நிஜமாகவே கடைசியாக இருந்தாலும். தாத்தா ஒவ்வொரு ஞாயிறும் அப்படித்தான் சொல்வார். கவுன்ட்டர்காரர் புருவத்தை மட்டும் உயர்த்தினார். பாட்டி வேண்டாமென்று தலையாட்டிவிட்டுக் காசை எண்ணி வைத்தார்.

வெளியே வந்ததும் பேத்தி எதிர்க் கடையைக் காட்டினாள். “அங்க ஏன் நீங்க போனதே இல்ல?”

“எப்பவோ ஒருநாள் குரோகெத்தா கருகிப்போச்சுன்னு தாத்தா அவங்களோட சண்டை போட்டுட்டார்.”

“எப்போ?”

“உங்க அம்மா பிறக்கறதுக்கு முன்னாடி.”

எதிர்க் கடை வாசலிலும் கூட்டம் தெருவரை வழிந்திருந்தது. கையிலிருந்த கோட்டைப் பாட்டி மறுபடி பேத்தியிடம் நீட்டினார்.