முடிச்சூரில் ஒரு 'ரோல்' மாடல்!

தாம்பரம் ஸ்டேஷன்ல இறங்கி கிழக்கே நடந்தா, எம்.சி.சி. காட்டுக்குள்ள காணாமப் போயிடுவீங்க. அந்தப் பக்கம் வேண்டாம், மேற்கே வாங்க. ஜி.எஸ்.டி. ரோட்டைத் தாண்டி, முடிச்சூர் ரோட்டுக்கு ஷேர் ஆட்டோ ஏறுறதுக்கு முன்னாடி சண்முகம் சாலை மார்க்கெட்டுக்கு ஒரு விசிட். குடைமிளகாய் ரெண்டு, பெரிய கத்தரிக்காய் ஒண்ணு, வெங்காயம், கேரட், எலுமிச்சை. சுக்கினிதான் வேணும்னு அடம்பிடிக்காதீங்க பாஸ், பிஞ்சு சுரைக்காய் போதும்!

எதுக்கு இந்த ஷாப்பிங்? உங்க கேங்கில் ஒருத்தர் திடீர்னு 'நான் வீகன்' என்று அறிவிச்சிருப்பார். ஞாயித்துக்கிழமை அவரை வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தா, முடிச்சூர் அம்மாக்களின் முதல் கேள்வி: "சைவம்தானே... நெய் ஊத்தினா என்னப்பா?"

நம்ம சைவத்துல பால், தயிர், நெய் எல்லாம் உண்டு. வீகனில் அதெல்லாம் கட், தேன் உட்பட! 1944-ல் இங்கிலாந்தில் பிறந்த வார்த்தை இது. நம்ம நாட்டிலேயே 2022-ல் வீகன் உணவுக்குத் தனி விதிமுறை வந்தாச்சு. ஆனா, தயிர் வேண்டாம்னா அது அம்மாவையே வேண்டாம்னு சொன்ன மாதிரி ஆயிடுதே, அதுதான் சிக்கல். அவர் சாப்பிடாம எழுந்தா அம்மாவுக்கு வருத்தம், கட்டாயத்துக்குச் சாப்பிட்டா அவருக்கு வருத்தம். ரெண்டு பேரையும் காப்பாத்த ஒரு ரோல் போதும்.

"பால் இல்லாம ஒருநாளா?" என்பவர்களுக்கு 2015 டிசம்பரை ஞாபகப்படுத்தலாம். அடையாறு கரை மீறி, இந்தத் தெருக்களில் படகு விட்டு ஆட்களை மீட்ட நாட்கள். பால் பாக்கெட் கண்ணில் பட்டாலே அதிசயம். ஆனா சிரிச்சுக்கிட்டே சொல்லாதீங்க. கீழ்வீட்டில் இருந்தவங்களுக்கு அது இன்னிக்கும் ஜோக் இல்லை.

சரி, கிச்சனுக்குப் போவோம். கோதுமை மாவை வெதுவெதுப்பான தண்ணீர், கொஞ்சம் எண்ணெய், உப்பு சேர்த்துப் பிசைஞ்சு அரைமணி நேரம் மூடி வையுங்க. ஊறின மாவுதான் கிழியாம மெல்லிசா விரியும். மாவை வீட்டிலேயே பிசையறது பெஸ்ட். பரோட்டா மாவுல பால், முட்டை சேர்க்கிற கடைகள் உண்டு.

கிரில் இல்லையா? இரும்பு தோசைக்கல் இருக்கே! தண்ணி தெளிச்சா முத்து முத்தா துள்ளி ஓடணும், அந்தச் சூடு. காய்களை விரல் தடிமனில் நறுக்கி, ஈரம் போகத் துடைச்சு, நல்லெண்ணெய் தடவி ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம பரப்புங்க. நெருக்கி அடுக்கினா சுடாது, ஆவியில வெந்து கூட்டாயிடும். உப்பை முதலிலேயே போட்டா காய் தண்ணி விட்டுடும், இறக்கும்போது போடுங்க. ஓரம் கருகணும், நடுவுல மெத்துனு இருக்கணும். சிதம்பரம் கொத்சுக்குக் கத்தரிக்காயைச் சுட்ட ஊர்தானே நாம? கிரில் நமக்குப் புதுசு இல்லை.

தயிர், மயோனைஸுக்குப் பதில்? வறுத்த வேர்க்கடலை, ரெண்டு பல் பூண்டு, காய்ஞ்ச மிளகாய், உப்பு, எலுமிச்சைச் சாறு... கெட்டியா அரைச்சிடுங்க. 100 கிராம் கடலையில் சுமார் 25 கிராம் புரதம், ஜிம் பார்ட்டிகள் கவனிக்க! ஆனா பி-12 மட்டும் இந்த ரோலில் கிடைக்காது. நிரந்தரமா வீகன்னு முடிவெடுத்த நண்பர் டாக்டரைக் கேட்டு மாத்திரை எடுத்துக்கணும். இதில் வீரம் காட்டாதீங்க.

சப்பாத்தியை மொறுமொறுனு விடாம சீக்கிரம் எடுத்து, துணியில மூடி வெச்சாத்தான் மடிக்கிறப்ப உடையாது. சட்னி தடவி, காய் வரிசையா வெச்சு, கீழ்ப்பக்கம் ஒரு மடிப்பு மடிச்சு இறுக்கமா உருட்டி, மறுபடி கல்லுல ஒரு புரட்டு.

மிச்சம் இருந்தா திங்கட்கிழமை டிபன் பாக்ஸுக்கு அன்னிக்குக் காலையிலேயே புதுசா உருட்டுங்க. தேங்காய்ச் சட்னி மட்டும் வேண்டாம், மதியத்துக்குள்ள ஊசிடும். பீச் ட்ரெயின்ல பாக்ஸைத் திறந்தா, பக்கத்து சீட்காரர் நிச்சயம் கேட்பார்: "எக் ரோலா தம்பி?"

ஒரு துண்டு கொடுங்க. பதில் அப்புறம் சொல்லிக்கலாம்!