எங்கள் மதில் சுவரில் பூத்த உல்லன் பூக்கள்



மதில் சுவரின் படத்தைப் போட்டதிலிருந்து, "டீச்சர், இதெல்லாம் எந்தக் கடையில் வாங்கினீங்க?" என்று பலர் கேட்டுவிட்டீர்கள். கடையில் வாங்கியது நூல் மட்டும்தான். பூக்கள் எல்லாம் கையால் பின்னியவை. நாலு மாத வேலை. இந்த வயதில் எனக்குக் குரோஷா ஊசி பிடிக்கச் சொல்லிக்கொடுத்தது என் நாத்தனார்.

செய்முறை கேட்டவர்களுக்காக எழுதுகிறேன். முதலில் பருத்தி நூலில் பத்துப் பூ பின்னி மாட்டினேன். ஐப்பசி மழையில் ஊறி, கனம் தாங்காமல் தொங்கி, கறுப்பாகப் பூஞ்சணம் பிடித்துவிட்டது. வெளிச்சுவருக்கு அக்ரிலிக் உல்லன்தான் சரி. தண்ணீரைப் பிடித்து வைக்காது, மக்காது. வெயிலில் நிறம் மங்கத்தான் செய்யும். பூக்களைச் சுவரில் ஒட்டவில்லை. தோட்டத்துக்குப் போடும் பிளாஸ்டிக் வலையில் ஒவ்வொன்றாக நைலான் நரம்பால் கட்டி, வலையைக் கொக்கிகளில் மாட்டியிருக்கிறேன். புயல் என்றால் அப்படியே கழற்றி உள்ளே வைத்துவிடலாம்.

பின்னப் பின்னத்தான் இது முழுக்கக் கணக்கு என்று புரிந்தது. முதல் சுற்றில் 6 கண்ணி. பிறகு 12, 18, 24. சுற்றுக்கு 6 கூடினால் வட்டம் தட்டையாக உட்காரும். குறைந்தால் கிண்ணம் மாதிரிக் குவியும். அதிகமானால் ஓரமெல்லாம் சுருக்கம் விழுந்து கோழிக்கொண்டைப் பூ ஆகிவிடும். பத்தாம் வகுப்பில் உங்களுக்கு நடத்தினேனே, கூட்டுத் தொடர் வரிசை, அதேதான்! படத்தில் இருக்கும் சிவப்புக் கோழிக்கொண்டைகளில் முதல் இரண்டு, நான் எண்ணிக்கையைத் தவறவிட்டதால் வந்தவை.

இதைச் சொன்னபோது என் அண்ணன் மகன் ஒரு செய்தி சொன்னான். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் டைனா டைமினா என்ற கணித ஆசிரியை, 1997இல் இதே மாதிரி சுருக்க ஓரத்தைக் குரோஷாவில் பின்னியிருக்கிறார். ஹைபர்போலிக் தளம் என்று, மனசில் நினைத்துப் பார்ப்பதே கஷ்டமான ஒரு வடிவம். காகிதத்தில் செய்தால் கிழிந்துபோகும் அதை, நூலில் பின்னி மாணவர்கள் கையிலேயே கொடுத்துவிட்டார்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

1996. ஒன்பதாம் வகுப்பு. என் கணக்கு வகுப்பில், கடைசி பெஞ்சில், டெஸ்க்குக்கு அடியில் ஒரு பெண் குரோஷா பின்னிக்கொண்டிருந்தாள். அக்கா கல்யாணத்துக்கு மேசை விரிப்பு என்றாள். பாதி முடிந்த வெள்ளை வட்டம். ஊசியோடு பிடுங்கினேன். "கணக்கு வராதவளுக்கு இது ஒண்ணுதான் குறைச்சல்" என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். இரண்டு தடவை ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்று கேட்டாள். "பரீட்சை முடியட்டும்" என்றேன். பரீட்சை முடிந்தது, நான் மறந்துபோனேன். ஜூன் மாதம் அவள் பத்தாம் வகுப்புக்கு வரவில்லை. கூட்டுத் தொடர் வரிசை நடத்தும்போது அவள் இடம் காலியாக இருந்தது.

நான் ஓய்வு பெற்று அலமாரியைக் காலி செய்தபோது அந்த வட்டம் அதில் இல்லை. ஆனால் அது எப்படி இருந்தது என்பது நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஒரு சுருக்கம் கிடையாது. கண்ணியை எண்ணாமல் அப்படி வரவே வராது என்று இப்போது எனக்குத் தெரியும். என் கண் எதிரில் அவள் கணக்குதான் போட்டுக்கொண்டிருந்தாள்.

பெயரை இங்கே எழுத மாட்டேன். அந்த வகுப்புப் பிள்ளைகளுக்குத் தெரியும். யாருக்காவது அவளோடு தொடர்பு இருந்தால் இந்தப் பதிவைக் காட்டுங்கள். டீச்சர் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள். ஒரு வெள்ளை நூல்கண்டும் ஊசியும் வாங்கி வைத்திருக்கிறேன். அது நான் திருப்பித் தர வேண்டிய கடன்.

மற்றவர்களும் வாருங்கள். சித்திரை வெயிலில் நிறம் மங்குவதற்குள் பார்த்துவிட்டு, ஒரு வாய் காபி குடித்துவிட்டுப் போகலாம்.