பர்மா பஜாரும் பூட்டிய வீடும்

பீங்கான் பொம்மைகளுக்குப் பெயர்போன விருத்தாசலத்துக்கு அருகே, நல்லூரிலிருந்து நீங்கள் சென்னைக்கு வருவதாக வைத்துக் கொள்ளுங்கள். எழும்பூரில் இறங்கியதும் மின்சார ரயிலேறிக் கடற்கரை நிலையம் போய்ப் பாருங்கள். எதிரே வரிசையாகக் கடைகள்: பர்மா பஜார்! சாயங்காலமானால் பக்கத்துத் தெருவில் 'அத்தோ'வும் வாழைத்தண்டு சூப்பும் மணக்கும்.

1962 மார்ச் 2-ல் ஜெனரல் நே வின் பர்மாவின் ஆட்சியைப் பிடித்தார். 1964-ல் கடைகள் தேசவுடைமையாயின. தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்த தமிழர்கள், தேடிய தேட்டத்தை விட்டுக் கப்பலேறினார்கள். அப்படி வந்தவர்கள் பிழைப்புக்காகப் போட்ட கடைகள்தாம் இவை.

2011-ல் அங்கே சீர்திருத்தம் தொடங்கியது. மேல்நாடுகள் தடைகளைத் தளர்த்தின. 2012-ல் நம் பிரதமர் மன்மோகன் சிங் போனார். அமெரிக்க ஜனாதிபதி ஒபாமாவும் போனார். ஆனால் பார்லிமெண்டில் நாலில் ஒரு பங்கு இடம் ராணுவத்துக்கென்றே இருந்தது. 2021 பிப்ரவரி 1-ல் மறுபடியும் ராணுவ ஆட்சி!

கதவைத் திறந்து விருந்தாளிகளை வரவேற்றுவிட்டு, சாவியை மட்டும் மடியிலேயே முடிந்து வைத்துக்கொண்டால், அது திறந்த வீடாகுமா, சகோதரிகளே? வந்த விருந்தாளிகள் முதலில் சாவியை அல்லவா கேட்டிருக்க வேண்டும்!