துரு தின்ற வண்டி

பாகூரைச் சுற்றியுள்ள கிளை ஊர்களுக்குச் செல்ல நமக்குக் கால்களாய் விளங்குவது பழைய ஆம்னி வேன் ஒன்று. பின்னிருக்கையை மடக்கிப் பாய் விரித்தால் நோயாளி ஒருவர் படுத்து வரலாம். வெளியூர்க் கூட்டங்களின்போது நாமே அதில் படுத்துறங்கியதும் உண்டு. அவ்வகை வண்டியின் உற்பத்தி 2019-இல் நின்றுவிட்டது. எனவே இருப்பதைக் காப்பதே வழி.

ஓர் ஐப்பசி மழைநாளில் முதிய தாய் ஒருவரை அவ்வண்டியில் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். வாயிலில் வண்டி நின்றதும் அவர் எழுந்து காலூன்றினார். தரைத்தகடு பிய்ந்து, கால் கணுக்கால்வரை கீழே இறங்கிற்று. சிறு கீறலோடு தப்பினார். “வண்டிக்கும் என் வயசுதான் போல, சாமி” என்று அவர் சிரித்தார். நம்மால் சிரிக்க இயலவில்லை.

காரணம் நாம் அறிந்ததே. இரண்டு ஆண்டுகளுக்குமுன் திருவிழா நெருங்கிய வேளையில், கதவின் கீழே வண்ணப்பூச்சு கொப்புளித்திருந்ததைக் கண்டோம். “உள்ளே பிரித்துப் பார்க்க வேண்டும்” என்று பட்டறைக்காரர் எச்சரித்தார். நாமோ நாளில்லை, பணமில்லை என்று சொல்லி, பட்டி பூசி வெள்ளையடிக்கச் செய்தோம். வண்டி பளபளத்தது, நம் மனமும் நிறைவடைந்தது.

இம்முறை வில்லியனூரில் முதிய டிங்கர் ஒருவரிடம் வண்டியை விட்டோம். ஊரார் அவரைப் பாய் என்றே அழைப்பர். அவர் ரப்பர் விரிப்பைத் தூக்கினார். அடியில் தண்ணீர் தேங்கியிருந்தது. சுத்தியல் காம்பால் தட்டிக்கொண்டே சென்றார். நல்ல தகடு கணீரென ஒலித்தது. கெட்ட இடம் ஊமையாயிற்று. “வெளியே தெரியறது கொப்புளம்தான், ஃபாதர். நோய் உள்ளேயிருந்து வருது” என்றார்.

நீரும் காற்றும் சேர்ந்தாலே இரும்பு துருவேறும். கடற்காற்று கொணரும் உப்பு அதனை விரைவாக்குகிறது. துருவானது தான் தோன்றிய இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேலான இடத்தைக் கொள்வதால் வண்ணத்தைப் பிளந்து வெளியே வருகிறது. உதிரும் தன்மையுடையதாகையால் அடியிலுள்ள இரும்பையும் அது காப்பதில்லை. தில்லி மெஹ்ரௌலியிலுள்ள ஏறத்தாழ 1,600 ஆண்டுப் பழமையான இரும்புத்தூணின் நிலை வேறு. அதிலுள்ள மிகுதியான பாஸ்பரஸ், தூணின்மேல் மெல்லிய காப்புப் படலம் உண்டாகத் துணைசெய்தது. நம் வண்டித் தகட்டுக்கு அப்பேறு இல்லை. நாம்தான் காப்பிட வேண்டும்.

பாய் முதலில் பேட்டரி இணைப்பை நீக்கி, பெட்ரோல் தொட்டியைக் கழற்றி அப்புறம் வைத்தார். பளிச்சிடும் இரும்பு தெரியும்வரை கெட்ட தகட்டை வெட்டியெறிந்தார். புதுத் தகட்டை ஒரே மூச்சில் பற்றவைத்தால் வெப்பத்தில் நெளியுமென்று, இடம் விட்டு இடம் புள்ளிபுள்ளியாய்ப் பற்றவைத்தார். உள்ளும் புறமும் ரெட் ஆக்சைடு பூசி, மூட்டுகளை அடைத்து, நன்கு உலர்ந்த பின்னரே அடியில் கருநிறக் காப்புப்பூச்சு அடித்தார். “ஈரத்து மேலே அடிச்சா, துருவைப் பூட்டி வச்ச மாதிரி” என்றார். மண்ணடைத்துக் கிடந்த கதவின் வடிகால் துளைகளையும் கம்பியால் குத்தித் திறந்தார். உட்புகும் நீர் வெளியேற வழியின்றிப் போனதே கேட்டின் தொடக்கம்.

குருமடத்தில் பயின்ற கிரேக்கச் சொல்லொன்று அன்று நினைவில் எழுந்தது. மத்தேயு நற்செய்தியில் செல்வத்தை அழிக்கும் ‘துரு’ என்று நாம் வாசிக்குமிடத்தில், மூலத்திலுள்ள சொல் ‘ப்ரோசிஸ்’. தின்னுதல் என்பதே அதன் நேர்ப்பொருள். பலமுறை மறையுரையில் விளக்கிய சொல்தான். அதன் பொருளை ஒரு மூதாட்டியின் கால் நமக்குக் காட்ட வேண்டியதாயிற்று.

இப்போது மழைக்காலத்தில் விரிப்புகளைத் தூக்கி உலர்த்துகிறோம். கடற்கரை ஊர்களுக்குச் சென்று திரும்பினால் வண்டியின் அடிப்பாகத்தை நல்ல நீரால் கழுவுகிறோம். ஆண்டுதோறும் பாயிடம் காட்டுகிறோம்.

அந்தத் தாயிடம் பட்டி பூசிய கதையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டோம். “தெரிஞ்சேவா சாமி மூடி வச்சீங்க?” என்றார். ஆம் என்றோம். சற்றுநேரம் பேசாதிருந்தவர், நம் கையைப் பற்றிக்கொண்டு வண்டியில் ஏறினார். ஏறுமுன் கைத்தடியால் தரையை இருமுறை தட்டிப் பார்க்க மறக்கவில்லை. அது கணீரென்றது.