மூர் மார்க்கெட் இருந்த இடம்

சென்னை சென்ட்ரலுக்குப் பக்கத்தில் மின்சார ரயில்கள் வந்து நிற்கும் இடத்துக்கு இன்றைக்கும் மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ் என்றுதான் பெயர். ஆவடியிலிருந்தும் கும்மிடிப்பூண்டியிலிருந்தும் வந்து இறங்கி ஓடுகிற இளையவர்களில் எத்தனை பேர் அந்த மார்க்கெட்டைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பார்கள்? அவர்கள் மிதித்துப் போகிற மண்ணில்தான் அது நின்றது. வண்டிகள் நிறுத்துகிற பக்கம் அதன் சிறிய மாதிரி ஒன்றைக் கட்டி வைத்திருக்கிறார்கள். சிவப்பு நிறமும் வளைவுகளும் அப்படியே இருக்கின்றன. ஆனால் உள்ளே போக முடியாது. மூர் மார்க்கெட் என்றாலே எங்களுக்கு உள்ளே போவதுதான்.

1898இல் அடிக்கல் நாட்டி 1900இல் திறந்தார்கள். பிராட்வே பக்கம் நெருக்கியடித்துக்கொண்டிருந்த கடைக்காரர்களுக்காகக் கட்டியது. அப்போது மாநகராட்சித் தலைவராக இருந்த சர் ஜார்ஜ் மூரின் பெயரை வைத்தார்கள். அங்கே கிடைக்காத சாமான் இல்லை. கிராமபோன் தட்டு, பழைய கடிகாரம், செல்லாத நாணயம், கூண்டில் கிளி, முயல், புறா. பின்னாலேயே மிருகக்காட்சிசாலை. சொன்ன விலையில் பாதிக்கு அப்பா கேட்பார், கடைக்காரர் கையெடுத்துக் கும்பிடுவார், நாங்கள் நாலடி நடப்போம், பின்னாலிருந்து குரல் வரும்.

எனக்குப் பழைய புத்தகக் கடைகள்தான் உலகம். கோனார் உரையும் லிஃப்கோ அகராதியும் அடுக்கடுக்காக இருக்கும். அவற்றைத் தாண்டிப் போனால் பைண்டு செய்த தொடர்கதைகள். வாரப் பத்திரிகையிலிருந்து வாராவாரம் கிழித்துச் சேர்த்து, காலிகோ ஒட்டி, நடுவில் ஒரு வாரம்கூட விடாமல் தைத்து வைத்த வீடுகள் தமிழ்நாட்டில் எத்தனை! அப்படி ஒரு ‘பொன்னியின் செல்வன்’ பாகம் எனக்குக் கிடைத்தது. கல்கியில் 1950 முதல் வந்தபோது மணியம் வரைந்த படங்களோடு. கதை முடிகிற பக்கத்தின் மறுபுறம் தலைவலித் தைல விளம்பரமும் பாதியில் அறுந்த ஒரு துணுக்கும். முதல் பக்கத்தில் நீல மையில் ஒரு பெண்ணின் பெயர், கீழே தெருப் பெயர். ஓர் அத்தியாயத்தின் ஓரத்தில் மட்டும், ‘அண்ணா படித்துவிட்டான், முடிவைச் சொல்லமாட்டேன் என்கிறான்’ என்று பொடி எழுத்தில் எழுதியிருந்தாள். அந்த வரிக்காகவே அந்தப் பாகத்தை யாருக்கும் இரவல் தந்ததில்லை.

கடைக்காரர் தோள் துண்டால் அட்டையைத் துடைத்து, உள் மூலையில் பென்சிலால் எழுதியிருக்கும் விலையைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பார். பையில் எவ்வளவு இருக்கும் என்று அவருக்குத் தெரியும். குறைத்துக்கொள்வார்.

1985 மே 30. மார்க்கெட் எரிந்துபோயிற்று. வண்டலூரில் புதிய உயிரியல் பூங்கா திறந்ததும் அதே வருடம்தான். சிங்கத்தின் குரலும் அந்தப் பக்கத்தை விட்டுப் போனது.

அந்த மாதிரியைப் பார்க்கும்போதெல்லாம் வேறு நினைவுக் கற்களும் ஞாபகத்துக்கு வருகின்றன. உயர் நீதிமன்றத்தின் கிழக்குச் சுற்றுச்சுவரில் ஒரு கல் இருக்கிறது. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் குண்டு வீசியதைச் சொல்கிற கல். அரை மணி நேரத்தில் நூற்றுக்கு மேற்பட்ட குண்டுகள். துறைமுகத்தருகே பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. மறுநாளிலிருந்து ஊரே காலியானது. எங்கள் பாட்டியின் அம்மா அரிசிப் பானையைத் தலையில் வைத்துக்கொண்டு எழும்பூர் ஸ்டேஷனில் நின்றாளாம். கல்லில் கப்பலின் பெயர் இருக்கிறது, தேதி இருக்கிறது. பானை சுமந்தவர்கள் இல்லை.

சிப்பாய்கள் போன ஊர்களிலும் இப்படித்தான். 1914 முதல் 1919 வரை நடந்த பெரும்போருக்கு இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போனார்கள், அதில் இத்தனை பேர் மாண்டார்கள் என்று சிறிய கற்களைப் பதித்திருக்கிறார்கள். எண்ணிக்கை மட்டும். யாருடைய மகன், யாருடைய புருஷன் என்று ஒரு சொல்கூடக் கிடையாது. இது என்னை உறுத்துகிறது, ஏனென்றால் கல் நடுவது நமக்குப் புதிய வழக்கம் இல்லை. செங்கம் பக்கம் எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று கிடைத்தது. எருமைகளைக் காக்க நின்று மாண்ட கருந்தேவக்கத்திக்கு நட்ட கல். அவன் விழுந்த பிறகு திருடர் இருவரைக் கடித்து அவனருகே காவல் நின்ற நாயையும் அதில் செதுக்கி, கோவிவன் என்று அதன் பெயரையும் வெட்டியிருக்கிறார்கள். ஏறக்குறைய 1,400 வருடம் கழித்தும் அந்த நாயை நாம் பெயர் சொல்லிக் கூப்பிடலாம்.

மூர் மார்க்கெட் மாதிரிக்குக் கீழேயும் ஒரு பலகை வேண்டும் என்று எனக்கு ஆசை. கட்டியவர், திறந்தவர் பெயர்கள் இருக்கட்டும். அன்று அங்கே கடை வைத்திருந்தவர்களின் பெயர்களும், ஒவ்வொருவரும் என்ன விற்றார் என்பதும் அதில் வர வேண்டும். கிளி விற்றவர், கடிகாரம் பழுது பார்த்தவர், பாட்டுத் தட்டு விற்றவர். தீக்குப் பிறகு பலருக்கு அல்லிக்குளம் வளாகத்தில் இடம் கிடைத்தது. அவர்களின் கடைகளை இன்று பிள்ளைகள் நடத்துகிறார்கள். அந்தப் பிள்ளைகளிடம் போய்க் கேட்டால் பாதிப் பெயராவது தேறும். என் புத்தகக் கடைக்காரரை நாங்கள் எல்லோரும் ‘பாய்’ என்றுதான் கூப்பிட்டோம். அவருடைய பெயரையும் அவர்கள்தான் சொல்ல வேண்டும்.