வில்லாளியின் மலைக்குச் சைக்கிள் பிரயாணம்

சேலத்திலிருந்து தெற்கே நாமக்கல்லை நோக்கிப் போகிறவர்கள் இடது கைப் பக்கம் பார்த்துக்கொண்டே போவது நல்லது. மல்லூர், ஆண்டகளூர்க் கேட், புதுச்சத்திரம் என்று ஊர்கள் ஒவ்வொன்றாகப் பின்னே நகர, கிழக்குத் திசையில் நீல நிறச் சுவர் ஒன்று மெல்ல மெல்ல எழுந்து நிற்பதைக் காண்பார்கள். மற்ற மலைகளைப் போல் அதற்குக் கூரிய சிகரம் கிடையாது. யாரோ ஒரு ராட்சதன் அரிவாளால் தலையைச் சீவிவிட்டது போல உச்சி நீண்டு சமமாக இருக்கும். அதுதான் கொல்லிமலை. சேலம் ஜில்லாவிலிருந்து பிரிந்து 1997-ம் வருஷம் ஜனவரி 1-ந் தேதி தனி ஜில்லாவான நாமக்கல்லுக்கு அதுவே மகுடம்.

அடிவாரத்துச் சமவெளியில் கண்ணில் படுவதெல்லாம் உழைப்பு. மரவள்ளித் தோட்டங்கள், ஜவ்வரிசி காயும் களங்கள், லாரிகளுக்குக் கூண்டு கட்டும் பட்டறைகள், லட்சக்கணக்கில் முட்டை அனுப்பும் கோழிப் பண்ணைகள் - இவற்றுக்கு நடுவே நின்று அந்த மலையை நிமிர்ந்து பார்க்கும்போது, அது வேறொரு யுகத்தைச் சேர்ந்தது போலத் தோன்றும். அந்த யுகத்துக்குப் போக ஒரு வாகனம் வேண்டுமென்றால், சைக்கிளைவிடப் பொருத்தமானது வேறில்லை என்பது என் அபிப்பிராயம். காரணத்தைச் சொல்லுகிறேன்.

அமெரிக்காவில் ஒரு வழக்கம் பரவியிருக்கிறது. வில்லும் அம்பும் கொண்டு மான் வேட்டையாடுகிறவர்கள் மலைச் சைக்கிளில் ஏறிக் காட்டுக்குள் போகிறார்கள். மரம் வெட்டுவதற்காக முன்பு போட்டு, பிறகு மோட்டார் வண்டிகள் நுழையாதபடி அடைத்துவிட்ட பாதைகள் அங்கே ஏராளம். துப்பாக்கி பிடித்தவன் இருநூறு கஜ தூரத்திலிருந்து சுட்டுவிடலாம். வில்லாளியோ முப்பது நாற்பது கஜத்துக்குள் நெருங்கியாக வேண்டும். ஆகவே மிருகத்தின் காதுக்கு எட்டாமல் போவதுதான் அவனுடைய வித்தையில் பாதி. நடந்தால் பொழுது விடிந்துவிடும். மோட்டாரில் போனால் காடே விழித்துக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவே சைக்கிள் அவனுக்குக் கை கொடுக்கிறது. ஆனால் 1964-ம் வருஷத்துச் சட்டப்படி வனாந்தரமென்று ஒதுக்கிய பிரதேசங்களில் அந்தச் சைக்கிளுக்கும் இடமில்லை. அங்கே காலே துணை.

மலைச் சைக்கிள் என்ற வாகனமும் அந்தத் தேசத்தில் பிறந்ததுதான். ஸான்பிரான்ஸிஸ்கோ நகருக்கு வடக்கே டமால்பையஸ் என்று ஒரு மலை இருக்கிறது. பெயரில் ஏதோ தமிழ் வாடை வீசினாலும், அது அந்நாட்டுப் பூர்வ குடிகளின் சொல். 1970-க்குப் பிற்பட்ட வருஷங்களில் சில இளைஞர்கள் தடித்த டயர் போட்ட பழைய சைக்கிள்களை அந்த மலைப் பாதைகளில் தாறுமாறாக ஓட்டினார்கள். 1976 முதல் பந்தயமும் வைத்தார்கள். பின் சக்கரத்துப் பிரேக் அந்த இறக்கத்தில் கொதித்து, உள்ளிருந்த மசகு புகைந்து போகுமாம். ஒவ்வொரு பந்தயத்துக்குப் பிறகும் புதிதாக மசகு அடைக்க வேண்டியிருந்ததால், பந்தயத்துக்கே அந்தப் பெயர் வந்துவிட்டது! அந்த விளையாட்டிலிருந்து பிறந்த சைக்கிள் இன்று சேலம் கடைவீதியிலும் கிடைக்கிறது.

இதையெல்லாம் கேட்கும் தமிழ் வாசகருக்கு, “வில்லோடு மலைக்குப் போவது நமக்குப் புதிதா?” என்று தோன்றாமல் இராது. கொல்லிமலையின் தலைவன் பெயரே வல்வில் ஓரி அல்லவா? கடையெழு வள்ளல்களில் ஒருவன் அவன். வன்பரணர் என்ற புலவர் புறநானூற்றின் 152-ம் பாட்டில் அவனுடைய வேட்டையைச் சொல்லியிருக்கிறார். ஓர் அம்பு யானையை வீழ்த்தியது, அதோடு நில்லாமல் புலியைக் கொன்றது, புள்ளிமானை உருட்டியது, காட்டுப் பன்றியைச் சாய்த்தது, கடைசியில் பக்கத்துப் புற்றில் இருந்த உடும்பில் போய்ச் செருகிக்கொண்டது. கணக்குப் பரீட்சை வைத்துப் பார்க்க வேண்டிய விஷயம் அல்ல இது. அம்பு ஊடுருவுகிற வேகத்தில் நம்முடைய வியப்பும் ஊடுருவ வேண்டும், அவ்வளவுதான்.

என்னை அதிகமாகக் கவர்ந்தது அதற்குப் பிறகு நடப்பது. காட்டில் எதிர்ப்பட்ட வேட்டைக்காரன் யார் என்று புலவருக்கும் அவருடன் வந்த பாணர் கூட்டத்துக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை. விலைக்காகக் கொல்லுகிறவனாகவும் தோன்றவில்லை. பாடுகிறார்கள். பாட்டில் ‘கோ’ என்ற சொல் வந்ததும், அது தன்னைக் குறிப்பதால் அவன் நாணித் தலை குனிகிறான். பிறகு வேட்டையில் கிடைத்த மானின் ஊனையும் மதுவையும் கொடுத்து, தன் மலையில் பிறந்த பொன்னையும் மணியையும் அள்ளித் தருகிறான். ஐந்து உயிரை ஓர் அம்பால் துளைத்தவன் ஒரு சொல்லுக்கு நாணினான் என்பதில் எத்தனை அழகு இருக்கிறது! இப்பேர்ப்பட்டவனை முள்ளூர் மன்னன் மலையமான் திருமுடிக்காரி போரில் கொன்று, கொல்லிமலையைச் சேரனுக்குக் கொடுத்துவிட்டான் என்று அகநானூறு கூறுகிறது.

சமவெளியிலிருந்து அந்த மலைக்கு ஏறும் சாலை காரவள்ளியில் தொடங்குகிறது. நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியாக வந்தால் காரவள்ளி. அங்கிருந்து மேலே எழுபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் இத்தனையாவது என்று பலகை நட்டிருக்கிறார்கள். மோட்டாரில் போகிறவர்களுக்கு அந்தப் பலகை வேடிக்கை. சைக்கிளில் போகிறவனுக்கு அதுவே பஞ்சாங்கம். முன்புறம் சிறிய பல்சக்கரமும் பின்புறம் பெரிய பல்சக்கரமும் சேரும்படி கியரை மாற்றிக்கொண்டால் கால் லேசாகச் சுற்றும். வண்டி நடக்கிற வேகத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக நகரும். அவசரப்படுகிறவன் பத்தாவது வளைவில் உட்கார்ந்துவிடுவான். பொறுமையாக மிதிக்கிறவன் எழுபதையும் எண்ணி முடிப்பான்.

பாதி வழிக்கு மேல் காற்றில் குளிர்ச்சி தெரிகிறது. சமவெளியின் ஓசைகள் ஒவ்வொன்றாக அறுந்து போகின்றன. தன்னுடைய மூச்சும் செயின் ஓடும் சிறு சத்தமும் தவிர வேறொன்றும் கேட்காத அந்த இடத்தில், புதருக்குள் சருகு சரசரத்தால் தலை தானாகத் திரும்புகிறது. வேட்டைக்காரனுக்கு இருந்த காது நமக்கும் ஒரு கணம் முளைக்கிறது. மோட்டாரில் வருகிறவர்களுக்கு இந்தப் பாக்கியம் இல்லை.

உச்சியில் சோளக்காடும், அதைத் தாண்டிச் செம்மேடும் வருகின்றன. சுமார் நாலாயிரம் அடி வரை உயரமுள்ள இந்தப் பீடபூமியில் வாழ்கிறவர்களுக்கு மலையாளிகள் என்று பெயர். மலையை ஆளுகிறவர்கள் என்று பொருளே தவிர, மலையாள தேசத்துக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை, பேசுவது தமிழ்தான். காஞ்சீபுரத்திலிருந்து வந்த சகோதரர்கள் ஆளுக்கொரு மலையாகக் குடியேறிய பரம்பரை என்று தங்களைச் சொல்லிக்கொள்ளுகிறார்கள். ஊர்களை வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு என்று நாடுகளாகப் பிரித்து வழங்குகிறார்கள். மிளகும் காப்பியும் பலாவும் அன்னாசியும் அங்கே விளைகின்றன.

ஒரு காட்டு ஓரத்தில் கிழங்கு வயலுக்குக் காவல் இருந்த பெரியவர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன்.

“ஐயா, ஓரி மலையிலே இப்போது யார் வீட்டிலாவது வில் இருக்கிறதா?”

“வில்லா? அது பாட்டன் காலத்தோட போச்சு, தம்பி. இப்ப எங்க கையிலே இருக்கிறது தகர டப்பாதான். ராத்திரி காட்டுப் பன்னி வந்தா அதைத் தட்டிக்கிட்டு உக்காந்திருப்போம்.”

“பன்றியை அடிக்கக் கூடாதோ?”

பெரியவர் சிரித்தார். “ஓரி அடிச்சாப் பாட்டு, நாங்க அடிச்சாக் கேஸு!” என்றார்.

வேடிக்கையாகச் சொன்ன வார்த்தைதான். ஆனால் எளிதில் தள்ளிவிடக் கூடியதல்ல. மலைக் காட்டில் வேட்டைக்குக் கட்டுப்பாடு நேற்று வந்ததல்ல. யானைகளைக் காக்க 1873-ல் சென்னை ராஜதானியில் ஒரு சட்டம் பிறந்தது. 1882-ம் வருஷத்து வனச் சட்டம் ஒதுக்குக் காடுகளைச் சர்க்கார் கைக்குக் கொண்டு வந்தது. மலை ஜனங்களின் கை கட்டப்பட்ட அதே காலத்தில், துரைமார்களும் ஜமீன்தார்களும் துப்பாக்கியோடு வேட்டை விருந்து நடத்தினார்கள். சுதந்திரம் வந்த பின் 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. 1991-ல் அதைத் திருத்தி, லைசென்ஸ் பெற்று வேட்டையாடும் வழியையும் அடைத்தார்கள். புலவர் பாடிய ஐந்து பிராணிகளில் யானை, புலி, உடும்பு மூன்றும் அச்சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. அவற்றைக் கொன்றால் மூன்று முதல் ஏழு வருஷம் வரை சிறை. மலை ஜனங்களுக்குக் காட்டு நிலத்திலும் விளைபொருளிலும் உரிமை வழங்கிய 2006-ம் வருஷத்துச் சட்டங்கூட, வேட்டை உரிமையை மட்டும் வெளிப்படையாக விலக்கி வைத்திருக்கிறது.

சட்டம் சரியா, தவறா? சரி என்றுதான் சொல்ல வேண்டும். ஓரி காலத்துக் காட்டில் யானையும் புலியும் இருந்தன. இன்று கொல்லிமலையில் இரண்டும் இல்லை. எஞ்சியிருப்பதையாவது காக்காவிட்டால் அடுத்த தலைமுறைக்குப் பாட்டு மட்டுந்தான் மிஞ்சும். வில்லாளி ஒரு மிருகத்தைப் பார்த்து, தேர்ந்து, அம்பு விடுகிறான். இன்றைய திருட்டு வேட்டையில் வைக்கும் சுருக்குக் கம்பிக்கோ கண் கிடையாது. குட்டி, தாய் என்ற பேதம் தெரியாது. ஆனால், காட்டைக் காக்கும் செலவை இரவெல்லாம் தகரம் தட்டுகிற பெரியவரே முழுவதும் தாங்க வேண்டும் என்பது எந்த நியாயம்? பட்டணத்தில் இருந்துகொண்டு வனவிலங்குகளிடம் அன்பு பாராட்டுவது சுலபம். பயிர்ச் சேதத்துக்கு உரிய நஷ்ட ஈடு காலத்தில் அவர் கையில் சேர வேண்டும் என்று கேட்பதும் அந்த அன்பில் சேர்ந்ததே.

வில் மறைந்தது போலவே தினைப் புனமும் சுருங்கிவிட்டது. சாமை, தினை, கேழ்வரகு விளைந்த சரிவுகளில் மரவள்ளி ஏறிவிட்டது; கீழே ஜவ்வரிசி ஆலைகள் காசு கொடுத்து வாங்குகின்றன. சாமையை உரலில் குத்திப் புடைக்கப் பெண்கள் படும் பாடு கொஞ்சமல்ல. கிழங்குக்கு அந்தத் தொல்லை இல்லை. இதை உணர்ந்துதான் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் இந்த மலையில் சிறுதானியம் குத்தும் யந்திரங்களைக் கொண்டுவந்து, விதைகளைச் சேமிக்கவும் ஏற்பாடு செய்தார்கள். பழைய பயிர் பிழைக்க வேண்டுமானால் புகழ்ச்சி போதாது. உழைப்பைக் குறைக்கும் யந்திரமும் வாங்குகிற ஆளும் வேண்டும். மலைக்குப் போகிறவர்கள் திரும்பும்போது இரண்டு படி சாமை வாங்கி வந்தால் அதுவும் ஒரு தொண்டு.

சைக்கிளில் போக விரும்பும் இளைஞர்களுக்குச் சில வார்த்தைகள். காரவள்ளியில் விடியற்காலையிலேயே ஏறத் தொடங்குங்கள். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் வேண்டாம், மண் சரியும். இறங்கும்போது பிரேக்கை ஒரே பிடியாகப் பிடிக்காமல் விட்டு விட்டுப் பிடியுங்கள். வளைவுதோறும் மணி அடியுங்கள். சாலையை விட்டு ஒதுக்குக் காட்டுப் பாதையில் நுழைய வனத்துறையின் அனுமதி அவசியம். அறப்பளீசுவரர் கோயிலுக்கு அப்பால் ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். அங்கே சைக்கிளுக்கு ஓய்வு, காலுக்கு வேலை. கொண்டு போன காகிதத்தையும் பிளாஸ்டிக் பையையும் திரும்பக் கொண்டு வாருங்கள்.

ஆடி மாதம் 17, 18 தேதிகளில் செம்மேட்டில் வல்வில் ஓரி விழா நடக்கிறது. அப்போது வில்வித்தைப் போட்டியும் உண்டு. நாணை இழுத்து, மூச்சை அடக்கி, கண்ணை ஒரு புள்ளியில் நிறுத்தி இளைஞர்கள் எய்கிறார்கள். அம்பு பாய்வது வட்டம் வரைந்த காகிதத்தில்தான். யானையிலும் அல்ல, உடும்பிலும் அல்ல. ஆனாலும் குறி தப்பாமல் எய்த பையனைச் சுற்றியிருப்பவர்கள் புகழும்போது, அவன் நாணித் தலை குனிவானானால், ஓரியின் வித்தையில் பெரும் பகுதி அவனுக்குக் கைவந்துவிட்டது என்றே கொள்ளலாம்.