நான் பொறுப்பு



என் கிதாபுகளுக்கு இடையே பழைய காசோலை ஒன்று இருக்கிறது. தொகை 38,000 ரூபாய். திகதி 1990 நவம்பர். வங்கியிலிருந்து பணமாகாமல் திரும்பி வந்த காசோலை அது. எழுதியவர் என் வாப்பா.

யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் வாப்பாவுக்குச் சிறிய இரும்புக் கடை இருந்தது. 1990 மே மாதம் கொழும்பு புறக்கோட்டையில் மொத்த வியாபாரி ஒருவரிடம் கடனுக்குச் சாமான் எடுத்து, ஆறு மாதம் பின்திகதியிட்டுக் காசோலை கொடுத்தார். "காசோலை சரி, யார் பொறுப்பு?" என்று முதலாளி கேட்டார். கூடப் போயிருந்த எங்கள் தெரு ஹாஜியார், "நான் பொறுப்பு" என்றார். அவ்வளவுதான். சாமான் லொறியில் ஏறியது.

ஜூன் மாதம் யுத்தம் மீண்டும் மூண்டது. ஒக்டோபர் 30ஆம் திகதி, யாழ்ப்பாண முஸ்லிம்கள் அனைவரும் உடனே வெளியேற வேண்டும் என்று விடுதலைப் புலிகள் உத்தரவிட்டார்கள். கடையும் வீடும் நகையும் அங்கேயே நின்றுவிட்டன. எனக்கு அப்போது பத்து வயது. புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் நாங்கள் ஒதுங்கியிருந்தபோதுதான் காசோலை திரும்பிவிட்ட செய்தி வந்தது.

கணக்கில் பணமில்லை என்று தெரிந்துகொண்டே காசோலை கொடுப்பதைக் குற்றமாக்கிய கடன் அறவீட்டுச் சட்டமும் அதே 1990இல் வந்ததுதான். வாப்பா தெரிந்து செய்யவில்லை. ஆனாலும் பயந்தார். பொலிஸை விட ஹாஜியாரின் முகத்தை நினைத்துத்தான் அதிகம் பயந்தார். ஹாஜியாரும் எங்களைப் போல அகதிதானே!

ஒரு நாள் அவரே எங்கள் கொட்டிலுக்கு வந்தார். "தம்பி, வாங்க. ரெண்டு பேரும் போய் முகத்தைக் காட்டிட்டு வருவோம்" என்றார். போனார்கள். முதலாளி காசோலையைப் பற்றிப் பேசவில்லை. தேநீர் வரவழைத்தார். "ஹாஜியார், நீங்க வந்தீங்களே, அது போதும். காசு மெதுவா வரட்டும்" என்றாராம்.

கற்பிட்டியில் வெங்காயத் தோட்டக் கூலியிலும், பிறகு நடைபாதைக் கடையிலும் உழைத்து 1997இல்தான் வாப்பா அந்தக் கடனை அடைத்து முடித்தார். இடையில் நாலாயிரம் ரூபாயை ஹாஜியார் தம் கையால் கட்டியிருந்தார். அதையும் வாப்பா அவருக்குத் திருப்பிக் கொடுத்தார். கடைசித் தவணையன்று முதலாளி திருப்பித் தந்த காசோலைதான் இன்று என்னிடம் இருப்பது.

லண்டனில் வாழும் என் மாமாவிடம் இந்தக் கதையைச் சொன்னபோது, "எங்களுக்கு அங்கே ஹாஜியார் தேவைப்படவில்லை, வங்கியே பொறுப்பு நின்றது" என்று சிரித்தார். ஆம்! பிரித்தானியாவில் 1969 முதல் காசோலை உத்தரவாத அட்டைத் திட்டம் ஒன்று இருந்தது. கடைக்காரர் கையொப்பத்தை ஒப்பிட்டுப் பார்த்து, அட்டை இலக்கத்தைக் காசோலையின் பின்புறம் எழுதிக்கொள்வார். குறித்த தொகை வரைக்கும், கணக்கில் பணம் இல்லாவிட்டாலும் வங்கி கொடுத்தே ஆக வேண்டும். தொடக்கத்தில் அந்த எல்லை 30 பவுண். கடைசிக் காலத்தில் அட்டைக்கு ஏற்ப 50, 100, 250 பவுண்.

2011 ஜூன் 30ஆம் திகதி அந்தத் திட்டம் முடிவுக்கு வந்தது. இரகசிய இலக்கத்தை அழுத்தினால் கணக்கிலிருந்து நேரே பணம் போகும் அட்டைகள் வந்துவிட்ட பிறகு, உத்தரவாதம் கேட்பார் குறைந்துவிட்டனர். 2018க்குள் காசோலையையே ஒழித்துவிடவும் அங்கே யோசித்தார்கள். முதியோரும் தர்ம நிறுவனங்களும் என்ன செய்வது என்று எதிர்ப்பு எழவே, 2011 ஜூலையில் அந்த யோசனையைக் கைவிட்டார்கள்.

நம் நாட்டிலும் மாற்றம் வந்துவிட்டது. 2006 முதல் காசோலையின் தாளுக்குப் பதில் அதன் படமே வங்கிகளுக்கிடையே போகிறது. 2015 முதல் ஒரு வங்கிக் கணக்கிலிருந்து மற்றதற்கு உடனடியாகப் பணம் அனுப்ப முடிகிறது. யுத்தம் முடிந்து ஊர் திரும்பிய நான் இன்று சாமான் வாங்கும் கடையிலும் லங்கா கியூஆர் ஒட்டப்பட்டிருக்கிறது. கைத்தொலைபேசியைக் காட்டினால் முடிந்தது. விற்பவருக்கு நிம்மதி, வாங்குபவருக்கும் இலகு. இதை நான் குறை சொல்லமாட்டேன்.

ஆனால் வாசகர்களே, சற்றுச் சிந்தியுங்கள்! இந்த வசதிகளெல்லாம் இருக்கிற பணத்தைத்தான் அனுப்பும். இல்லாதவனுக்கு அவை தவணை தராது. வாப்பாவுக்கு அன்று தேவைப்பட்டது ஆறு மாத அவகாசம். அவகாசம் கேட்பவனிடம் உலகம் இன்றும் அதே கேள்வியைத்தான் கேட்கிறது: யார் பொறுப்பு?

நம் ஃபிக்ஹு நூல்களில் இதற்கு 'ளமான்' என்று பெயர். பொறுப்பு நின்றவரிடமும் கடனைக் கேட்கக் கடன் கொடுத்தவருக்கு உரிமை உண்டு. கடனை விட்டுச் சென்ற ஒருவருடைய ஜனாஸா கொண்டுவரப்பட்டபோது, நபி (ஸல்) அவர்கள் தாம் தொழவைக்காமல் தோழர்களைத் தொழச் சொன்னார்கள். அபூ கதாதா (ரலி) அவர்கள் அக்கடனைத் தாம் ஏற்பதாகச் சொன்ன பிறகே தொழவைத்தார்கள் என்பது ஹதீஸ். அந்தக் கடன் மூன்றே தீனார்!

கடந்த வருடம் ஒரு விதவைச் சகோதரி என்னிடம் வந்தார். தையல் இயந்திரம் வாங்க வேண்டும், பன்னிரண்டு மாதத் தவணை, கடைக்காரர் பொறுப்புக்கு ஆள் கேட்கிறார் என்றார். மத்ரஸாச் சம்பளத்தில் வாழ்பவன் நான். தயங்கினேன், மறைக்கவில்லை. நாளை வாருங்கள் என்று அனுப்பிவிட்டேன். இரவு அந்தப் பழைய காசோலையை எடுத்துப் பார்த்தேன். அவர் கட்டத் தவறினால் என்னால் கட்ட முடியுமா என்று கணக்குப் போட்டேன். முடியும் என்று தெரிந்த பிறகு, காலையில் போய்க் கையொப்பமிட்டேன்.

ஐந்தாம் மாதம் தவணை தவறியது. நான் கட்டினேன். அடுத்த மாதமே சகோதரி அந்தப் பணத்தைக் கொண்டுவந்து தந்தார். இப்போது கடன் முழுவதும் அடைந்துவிட்டது.

தாங்க முடியாத தொகைக்குப் பொறுப்பு நிற்காதீர்கள். தாங்க முடிந்ததற்கு நிற்க மறுக்காதீர்கள். எழுதிக்கொள்ளுங்கள், சாட்சி வையுங்கள். உங்களுக்காக ஒருவர் நின்றிருந்தால், அவர் முகம் வாட விடாதீர்கள்.

அந்த ஹாஜியார் இன்று இல்லை. அல்லாஹ் அவருடைய கப்றை விசாலமாக்குவானாக! ஆமீன்.